ஓசூர் பெரிய கம்பெனி வேலை: நம் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை ஆகிய ஊர்களிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அவர்களை அனுப்பி வைக்கும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஓசூரில் முதலில் இயந்திரத்தின் முன்னும், பின்னர் மேற்பார்வைப் பொறுப்பிலும் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். சம்பளம் எவ்வளவு என்பதை எப்படியோ தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். அங்கே மனிதரை எப்படி நடத்துவார்கள், மேலே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதே அவர்களுடைய கவலை. கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

பெரிய கம்பெனின்னாலே எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கும் சார்?

சில விஷயங்கள் ஒழுங்காக இருக்கும். சொன்ன தேதியில் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன், கம்பெனி பஸ், பாதுகாப்புக் காலணி போன்றவற்றில் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் குறை வைப்பதில்லை. 1970-களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, 1980-இல் அசோக் லேலண்டும், 1984-இல் டாட்டா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டனும், டி.வி.எஸ். மோட்டாரும் ஓசூரில் வளர்ந்த பிறகு, மானாவாரி நிலத்தை மட்டும் நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்கள் வீடு கட்டின, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் உங்களை எப்படி நடத்துவார்கள் என்பது கம்பெனியின் பெயரைப் பொறுத்தது அன்று. ஒரே மதில் சுவருக்குள், ஒரே சீருடையில், அடுத்தடுத்த இரண்டு லைன்களில் (உற்பத்தி வரிசைகளில்) முற்றிலும் வேறான இரண்டு நடைமுறைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் ஆள்கள் பல ஆண்டுகள் நிலைத்து நிற்பார்கள். மற்றொன்றில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகங்கள் மாறும். எனவே 'அந்தக் கம்பெனி எப்படி' என்று கேட்காதீர்கள். எந்தப் பிரிவு, எந்த ஷிஃப்ட், யாருக்குக் கீழே என்று கேளுங்கள்.

சேர்றதுக்கு முன்னாடியே உள்ள எப்படின்னு எப்படிங்க தெரிஞ்சிக்கிறது?

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு எதிரிலுள்ள டீக்கடையில் அரை மணி நேரம் நில்லுங்கள். வெளியே வருபவர்களிடம் 'கம்பெனி நல்லதா' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்ற பதிலோடு முடிந்துவிடும். 'உங்கள் லைனில் கடைசியாக ஒரு பீஸ் கெட்டுப்போனபோது என்ன நடந்தது?', 'வீட்டில் ஒரு சாவு என்றால் யாரிடம் லீவு கேட்க வேண்டும், அவர் என்ன சொல்வார்?', 'உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்?' என்று நடந்ததைக் கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது மனிதர்கள் தாமாகவே உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

நேர்முகத் தேர்விலும் நீங்கள் கேள்வி கேட்கலாம். அது மரியாதைக் குறைவு அன்று. நியமனக் கடிதம் எந்த நிறுவனத்தின் பெயரில் வரும், பயிற்சிக் காலம் எவ்வளவு, பயிற்சி முடிந்தவர்களில் எத்தனை பேரை எடுத்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் உள்ள விதி. அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். அசலைக் கையிலிருந்து விடாதீர்கள்.

நெட்ல போட்டிருக்கிற ரிவியூ எல்லாம் நம்பலாமா?

வேலை பார்த்தவர்கள் தம் கம்பெனியைப் பற்றிக் கருத்து எழுதும் கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ் போன்ற தளங்களில் எழுதுபவர்கள் பெரும்பாலும் அலுவலகத்தில் கணினி முன் வேலை செய்பவர்கள். லைனில் நிற்பவர்களின் குரல் அங்கே மிகக் குறைவு. நட்சத்திரங்களை எண்ண வேண்டாம். ஒரே குறையை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு பிரிவினர் எழுதியிருந்தால் அது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே வாரத்தில் ஒரே நடையில் வந்த புகழுரைகளுக்கும், வேலையை விட்ட மறுநாள் கொதிப்பில் எழுதியவற்றுக்கும் அந்த மதிப்பைத் தர முடியாது.

நாங்க காண்ட்ராக்ட்ல இருக்கோம். அதே வேலைதான் செய்யறோம். எங்கள மட்டும் ஏன் வேற மாதிரி பாக்கறாங்க?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஒரே இயந்திரத்தின் இரு பக்கங்களில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு அடையாள அட்டையின் கயிறு ஒரு நிறம், மற்றவருக்கு வேறு நிறம். தீபாவளி இனிப்புப் பெட்டி ஒருவருக்கு உண்டு, அடுத்தவருக்கு இல்லை. காலைக் கூட்டத்தில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அடுத்தவரை 'காண்ட்ராக்ட் பையா' என்பார்கள். சம்பள வேறுபாட்டை விட இவையே ஆளை உடைக்கின்றன. பெயர் சொல்லி அழைப்பதற்குத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் தேவையில்லை என்பதை அதிகாரிகளிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியவை உண்டு. சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, அடையாள அட்டையின் நகல் ஆகியவற்றை மாதம் தவறாமல் சேர்த்து வையுங்கள். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 24 மாதங்களுக்குள் 480 நாள்கள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும். அப்ரண்டிஸ்களுக்கு (தொழில் பழகுநர்களுக்கு) இது பொருந்தாது. ஒப்பந்ததாரர் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு, உண்மையான முதலாளி யார் என்பதை நிறுவ வேண்டியிருப்பதால் வழக்கு நீளும். அப்போது கையில் காகிதம் உள்ளவருக்குத்தான் பேச இடம் இருக்கும். பி.எஃப்.-இல் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி ஆகியவற்றில் உங்களிடம் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். நிறுவனமும் 12 சதவீதம் போட வேண்டும். அது கணக்கில் ஏறுகிறதா என்பதை அரசின் உமங் செயலியில் நீங்களே பார்க்கலாம்.

சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கத்தறாரு. அப்படி இருந்தாத்தான் வேலை நடக்கும்னு சொல்றாங்களே?

நடக்காது. இதில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை. சத்தம் போட்ட அன்றைக்கு எண்ணிக்கை கூடும். அதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அடுத்த சில வாரங்களில் என்ன நடக்கிறது என்பதை எண்ணிக்கைப் பலகை காட்டுவதில்லை.

நான் வேலை பார்த்த ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். கழிவான பீஸ்களைப் போடுவதற்கு ஒவ்வொரு லைனிலும் ஒரு சிவப்புத் தொட்டி இருக்கும். புதிதாக வந்த ஷிஃப்ட் பொறுப்பாளர், தொட்டியில் பத்துக்கு மேல் கிடந்தால் அந்த லைனில் நின்றவரை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி வைத்துத் திட்டுவார். மூன்றாவது வாரத்தில் தொட்டிகள் ஏறக்குறைய காலியாகிவிட்டன. மேலிடத்தில் அவருக்குப் பாராட்டும் கிடைத்தது. மாதக் கடைசியில் கம்ப்ரஸர் அறையின் பின்புறத்தைச் சுத்தம் செய்தபோது, எண்ணெய்த் துணிகளுக்கு அடியில் இரண்டு கோணிப்பை நிறையக் கழிவு பீஸ்கள் கிடைத்தன. துளை சற்றே விலகியவை, விளிம்பில் பிசிறு உள்ளவை, நிறுத்தி ஆராய்ந்திருந்தால் ஒரு நாளில் சரிசெய்திருக்கக்கூடியவை. வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்த பிறகுதான் மற்றவை எங்கே போயின என்பது தெரிந்தது. ஒளித்து வைத்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். அந்த லைனிலேயே நன்றாக வேலை தெரிந்தவர்கள்.

ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டைக் கற்பித்த அமெரிக்கர் எட்வர்ட்ஸ் டெமிங், நிர்வாகத்துக்கு 14 நெறிகளை வகுத்தார். அவற்றில் 8-ஆவது, பணியிடத்திலிருந்து அச்சத்தை விரட்டுங்கள் என்பது. அவர் பெயரால் ஜப்பானில் 1951 முதல் வழங்கப்படும் விருதை ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் 2002-இல் பெற்றது. அந்த விருதைப் பற்றி நம் ஊர்த் தொழிற்சாலைகளில் பெருமையாகப் பேசும் மேலாளர்கள், அந்த 8-ஆவது நெறியையும் தம் மேற்பார்வையாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது என் விருப்பம்.

என் கையால ஒரு தப்பு நடந்துபோச்சுன்னா சொல்லலாமா, சொல்லாம விட்டுடலாமாண்ணா?

சொல்லுங்கள், அதுவும் உடனே சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'தெரியாமல் நடந்துவிட்டது சார்' என்று தொடங்கினால் பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும். 'பத்தரை மணிக்குப் பிறகு வந்த பீஸ்களில் துளை விலகியிருக்கிறது, அதற்கு முந்தையவை சரியாக உள்ளன, லைனை நிறுத்தியிருக்கிறேன்' என்று தொடங்கினால் பேச்சு வேலையைப் பற்றியதாகும். கடைசியாகச் சரியாக வந்த பீஸ் எது என்று தெரிந்துவிட்டால் அதற்குப் பின் வந்தவற்றை மட்டும் தனியே பிரித்துவிடலாம். பாதிச் சேதம் அங்கேயே தடுக்கப்படும்.

நல்ல தலைமை எது என்று கேட்பவர்களுக்கும் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். எனக்கு மேலே இருந்த ஒருவர், லைன் நின்றது என்று யார் வந்து சொன்னாலும் முதலில் 'கையில் எதுவும் படவில்லையே?' என்று கேட்பார். அடுத்து 'எந்தப் பீஸிலிருந்து?' என்பார். 'யார்?' என்பதை அன்று மாலை வரைக்கும் கேட்க மாட்டார். அவருடைய ஷிஃப்டில் பதிவேட்டில் தவறுகள் மற்றவர்களை விட அதிகமாகவே இருக்கும். வாடிக்கையாளர் புகார் மட்டும் குறைவாக இருக்கும். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது இதே நிலையைக் கண்டார். நன்றாக இயங்கிய குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். அங்கே தவறுகளை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம்.

எம்.டி. வந்து ரொம்ப நல்லாப் பேசினாரு. ஆனா லைன்ல ஒண்ணும் மாறலையே?

அவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கும் உங்களுக்கும் நடுவில் ஆலைத் தலைவர், பிரிவு மேலாளர், ஷிஃப்ட் பொறுப்பாளர், சூப்பர்வைசர், லைன் லீடர் என்று பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் அவரவரை எதை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். மேடையில் 'பாதுகாப்பே முதன்மை' என்று சொல்லிவிட்டு, மாதக் கூட்டத்தில் எண்ணிக்கையை மட்டும் கேட்டால், கீழே உள்ளவர் எண்ணிக்கையைத்தான் காப்பாற்றுவார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

மேலதிகாரி உண்மையாகவே மாற்ற நினைக்கிறாரா என்பதற்கு எளிய அடையாளங்கள் உண்டு. முன்னறிவிப்பின்றி இரவு ஷிஃப்டுக்கு வருகிறாரா? தொழிலாளர் கேன்டீனில், அதே வரிசையில் நின்று சாப்பிடுகிறாரா? அவர் வருகிறார் என்று தரைக்குப் பெயின்ட் அடிக்கும்போது அதை வேண்டாம் என்று தடுக்கிறாரா? போன முறை கேட்ட குறைக்கு இந்த முறை பதில் சொல்கிறாரா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் மற்றவற்றில் குறை இருந்தாலும் நான் அவரை நம்புவேன்.

ஓ.டி. வேணாம்னு சொன்னா பேர் கெட்டுடுமா?

சில இடங்களில் கெடும். உண்மையை மறைக்க விரும்பவில்லை. வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சட்டம் வகுத்த வேலை நேரம். அதற்கு மேல் செய்யும் வேலைக்கு இரு மடங்குக் கூலி தர வேண்டும். தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் கூடுதல் நேரம் வாங்கக் கூடாது என்றும் புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரலில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது.

நடைமுறையில், முடியாத நாளை ஷிஃப்ட் தொடங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. தருமபுரியிலிருந்து தினமும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வந்து போகிறவர், கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டால் வீடு சேர நள்ளிரவாகும். அதை ஒருமுறை அமைதியாக விளக்கினால் பெரும்பாலான சூப்பர்வைசர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

எம் பொண்ண அனுப்பலாமாங்க? ஆஸ்டல்ல தங்கணும்னு சொல்றாங்க.

அனுப்புங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்னணுப் பொருள்கள், மின்சார வாகனங்கள் ஆகியவற்றின் ஆலைகளில் பெண்களே பெரும் பணிப்படையாக ஆகி வருகிறார்கள். சொந்தச் சம்பளம் கையில் வந்த பிறகு வீட்டில் அவர்களுடைய சொல்லுக்கு வரும் மதிப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அனுப்பும் முன் ஆஸ்டலை நீங்களே போய்ப் பாருங்கள். இரவில் பொறுப்பாளர் யார், அவர் பெண்ணா, குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, வீட்டுக்குப் பேச செல்போன் வைத்துக்கொள்ள விடுகிறார்களா என்று கேளுங்கள். 2025 நவம்பரில் ஓசூரை அடுத்த ஒரு பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் மறைகேமரா கண்டெடுக்கப்பட்டபோது, அங்கிருந்த பெண்கள் பெருந்திரளாக வெளியே வந்து போராடினார்கள். அவர்கள் அப்படி நின்றதால்தான் அந்தச் செய்தி வெளியுலகுக்கு வந்தது.

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் பாலியல் தொல்லை குறித்த உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவரும் இடம்பெற வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர், அப்ரண்டிஸ் ஆகிய எல்லோரும் புகார் கொடுக்கலாம். கம்பெனி பஸ்ஸில் நடந்ததும் இதில் அடங்கும். நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், விசாரணையை 90 நாள்களில் முடிக்க வேண்டும். முதல் நாளே குழு உறுப்பினர்களின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மேல இருக்கறவங்க பேசற பாஷையே புரியலைங்க. அது குறையா?

குறை அன்று. ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்தே புழங்கும். இப்போது இந்தியும் சேர்ந்திருக்கிறது. பாதுகாப்புக் குறிப்பு புரியாவிட்டால் மட்டும் தலையாட்டாதீர்கள். தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கை போனால் எந்த மொழியிலும் திரும்ப வராது.

எச்.ஆர். கிட்ட சொன்னா ரகசியமா வெச்சிக்குவாங்களா?

எச்.ஆர். அலுவலர் நல்லவராக இருந்தாலும் அவர் நிர்வாகத்தின் ஊழியர். எனவே சொல்லும் முன், தனி மனத்தாங்கலா, விதி மீறலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவதைச் சூப்பர்வைசரிடமோ அவருக்கு அடுத்தவரிடமோ நேரில் பேசித் தீர்ப்பது மேல். சம்பளப் பிடித்தம், விடுப்பு மறுப்பு, பழிவாங்கும் இடமாற்றம் போன்ற இரண்டாம் வகையை எழுத்தில் கொடுங்கள்: தேதி, நேரம், இடம், உடனிருந்தவர், என்ன வேண்டும் என்பது, அவ்வளவே. ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

20 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும்; அதில் நிர்வாகத்தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் அங்கே மனுக் கொடுக்கலாம், 30 நாள்களில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பெண்களின் பாதுகாப்பு குறித்த புகாருக்கு வழி வேறு. அதை மேலே சொல்லியிருக்கிறேன்.

தாங்க முடியல, விட்டுட்டு ஊருக்கே வந்துடலாமாண்ணா?

உடம்புக்கோ மானத்துக்கோ ஆபத்து என்றால் அன்றே வாருங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்படி இல்லையென்றால், கம்பெனி பிடிக்கவில்லையா, அந்த லைன் பிடிக்கவில்லையா என்று யோசியுங்கள். முதல் பதிலில் சொன்னதுபோல் அடுத்த லைன் வேறு உலகமாக இருக்கலாம். பிரிவு மாற்றம் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விலகுவதானால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். எழுத்தில் கொடுத்து, பணி அனுபவச் சான்றும் கணக்கு முடிப்பும் வாங்குங்கள். கணக்கை இரண்டு வேலை நாள்களில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ஐந்தாண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுட்டி) உண்டு. நான்கரை ஆண்டில் கோபத்தில் கிளம்பியவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல், அதே யு.ஏ.என். (பி.எஃப். கணக்குக்கான நிலையான எண்) எண்ணிலேயே அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்ப என்னயே லைன் லீடர் ஆக்கிட்டாங்க. நேத்து வரைக்கும் ஒண்ணா சாப்பிட்டவங்ககிட்ட எப்படிங்க வேலை வாங்கறது?

கடினமான கேள்வி, இதற்கு எந்தக் கம்பெனியும் ஒழுங்காகப் பயிற்சி தருவதில்லை என்பதே என் வருத்தம். நன்றாக வேலை செய்தார் என்பதற்காகப் பதவி கொடுக்கிறார்கள். வேலை செய்வதும் வேலை வாங்குவதும் வேறு வேறு திறமைகள். அதனால் பலரும் தம்மைத் திட்டியவர் எப்படித் திட்டினாரோ அப்படியே திட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

சாப்பாட்டு மேசையை மாற்ற வேண்டாம், அங்கேயே உட்காருங்கள். விடுப்பு, ஓ.டி., கடினமான இயந்திரம் ஆகியவற்றை யாருக்கு எந்த நாள் என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டுங்கள், உங்கள் நெருங்கிய நண்பரின் பெயரும் கடினமான வரிசையில் இருக்கட்டும். திட்ட வேண்டியதைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள், பாராட்ட வேண்டியதை எல்லோர் முன்பும் சொல்லுங்கள். மேலிடம் கொடுத்த எண்ணிக்கை நடக்காது என்று தெரிந்தால், ஷிஃப்ட் முடியும் வரை காத்திராமல் காரணத்தோடு முதல் இரண்டு மணி நேரத்திலேயே மேலே தெரிவியுங்கள். பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் கெட்ட பீஸோடு உங்களிடம் வருவார். அவரிடம் என்ன கேட்பது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.